நகரத்துச் செடிகள் விதை பரப்பும் விதம்: கண்டு, அளந்து, விதைத்துச் சோதிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நடைபாதை மரத்தைச் சுற்றி விடப்பட்டிருக்கும் ஒரு சதுர மீட்டர் மண்ணில் வெட்டுக்காயப் பூண்டு ஒன்று வளர்ந்து, ஒரு சாண் நீளக் காம்பின் நுனியில் வெண்மையான விதைப்பந்தைத் தாங்கி நிற்கிறது. லேசான காற்று வீசினாலும் அந்தப் பந்திலிருந்து பிரியும் விதைகளில் பெரும்பாலானவை சிமெண்டிலோ தாரிலோதான் போய் விழும். பரந்த வெளியில் வாழ்ந்த அதன் முன்னோருக்குப் புதிய நிலம் தேடித் தந்த, விதையின் தலையிலுள்ள அதே மயிர்க்குடை, இங்கே விதையை முளைக்க வழியில்லாத இடத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. அப்படியானால், தலைமுறைகள் செல்லச் செல்ல இந்தச் செடி தொலைவுக்கு விதை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளுமா? வேறு செடிகள் நகரத்தின் போக்குவரத்தையே தமக்கு வாகனமாக்கிக்கொள்கின்றனவா? இவற்றை ஆய்வுக்கூடம் ஏதுமின்றி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவுநாடா, காகித உறைகள், செல்போன், சில பூந்தொட்டிகள் ஆகியவற்றைக் கொண்டே நாமே தேடிப் பார்க்க முடியும். அதற்கான முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன்: மூன்று காரணங்களையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

நகரத்துச் செடியொன்று கிராமப்புறத்துச் செடியைவிட வேறு விதமாக விதை பரப்புவதைக் கண்டவுடன் ‘தகவமைந்துவிட்டது’ என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் முற்றிலும் வெவ்வேறான மூன்று காரணங்களில் எதுவும் இருக்கலாம்.

முதலாவது வடிகட்டல். நகரம் எந்தச் செடியையும் மாற்றாமல், வருகின்ற இனங்களில் தனக்குப் பொருந்துவதை மட்டும் தங்கவிடுகிறது. ஆல், அரசு போன்றவை சுவரில் முளைப்பதற்கு இதுவே காரணம். அவற்றின் விதைகள் மிகச் சிறியவை. பழந்தின்னும் பறவைகளின் எச்சத்தோடு விழுந்து, சிறிது ஈரமும் தூசியும் உள்ள பிளவில் முளைக்கக்கூடியவை. காட்டில் வேறு மரத்தின் கவட்டிலோ பாறை வெடிப்பிலோ வாழ்க்கையைத் தொடங்கும் இந்த மரங்களுக்குப் பழைய கட்டடத்தின் கைப்பிடிச் சுவர் இன்னொரு பாறைதான். நகரத்துக்காக அவை எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வளர்நிலை நெகிழ்வு. ஒரே மரபுடைய செடி, வெட்டப்படும் புல்தரையில் தரையோடு படுத்தும், வேலியோர நிழலில் நீண்டும் வளரும். காம்பின் உயரம் மாறினால் விதை பறக்கும் தொலைவும் மாறும். அந்தச் செடியின் விதையை வேறிடத்தில் விதைத்தால் இந்த மாற்றம் மறைந்துவிடும்.

மூன்றாவது மரபு மாற்றம். சில பண்புகளைக் கொண்ட செடிகள் அதிகச் சந்ததியை விட்டுச்செல்ல, தலைமுறைதோறும் அந்தப் பண்பு அந்த இடத்துச் செடிகளில் பெருகுவதே பரிணாமத் தகவமைவு. அதை மண்ணில் பார்த்து மட்டும் உறுதிசெய்ய முடியாது. ஒரே மண்ணில் இரண்டு இடத்து விதைகளையும் விதைத்தாக வேண்டும். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்த விதைப்பை நோக்கியே செல்கின்றன. அளவெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வு, என் பார்வையில், பாதி வழியில் நின்றுவிட்ட ஆய்வு.

முதற்படி: மோன்பெலியே நகரத்துச் செடியைப் புரிந்துகொள்ளுங்கள்

எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவுசெய்யுமுன், இந்தத் துறையில் மிகத் தெளிவாக நிறுவப்பட்ட ஒரு சான்றைப் பார்த்துவிடுவது நல்லது. பிரான்சின் தென்பகுதியிலுள்ள மோன்பெலியே நகரில் நடைபாதை மரங்களின் அடியில் விடப்பட்ட சிறுசிறு மண் சதுரங்களில் கிரெபிஸ் சாங்க்டா என்னும் மஞ்சள் பூச்செடி வளர்கிறது. அதன் ஒவ்வொரு பூத்தலையிலும் இரண்டு வகை விதைகள் உண்டு. நடுவிலுள்ளவை இலேசானவை, மயிர்க்குடை உடையவை, பறப்பவை. ஓரத்திலுள்ளவை கனமானவை, குடையற்றவை, தாய்ச்செடியின் காலடியிலேயே விழுபவை.

பியேர்-ஒலிவியே ஷெப்துவும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பறக்கும் விதை தன் மண் சதுரத்துக்குள் நிலைகொள்ளும் வாய்ப்பு, பறக்காத விதையோடு ஒப்பிட 55 விழுக்காடு குறைவு என்று கண்டனர். பிறகு, நகரத்துச் சிதறிய சதுரங்களிலிருந்தும் தொடர்ச்சியான பெரும் நிலங்களிலிருந்தும் விதை எடுத்து, ஒரே பசுங்குடிலில் ஒன்றாக வளர்த்தனர். அங்கே வளர்ந்தபோதும் நகரத்துச் செடிகள் பறக்காத விதைகளையே கூடுதல் விகிதத்தில் உண்டாக்கின. ஆக, வேறுபாடு மண்ணால் வந்ததன்று, மரபில் இறங்கியது. அந்த மாற்றத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 12 தலைமுறைகளே போதும் என்று அவர்கள் கணித்தனர். கிரெபிஸ் ஓராண்டுச் செடியாதலால் தலைமுறை என்பது இங்கே ஓர் ஆண்டுதான். ஒரு குழந்தை பிறந்து பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் ஒரு தெருவின் செடிகள் மாறிவிடலாம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இந்த ஆய்வு வெற்றிபெற்றதற்குச் செடியின் அமைப்பே பெரிய காரணம். பறப்பதும் தங்குவதும் ஒரே தலையில், கண்ணால் பிரித்து எண்ணக்கூடிய வகையில் இருந்தன. நாமும் அப்படிப்பட்ட செடியைத்தான் தேட வேண்டும்.

இரண்டாம் படி: செடியைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல செடிக்கு நான்கு பண்புகள் வேண்டும்: ஓராண்டுக்குள் பூத்துக் காய்த்து முடிக்க வேண்டும், நகரத்திலும் வெளியிலும் தாராளமாகக் கிடைக்க வேண்டும், விதையின் பயணக் கருவி கண்ணுக்குத் தெரிய வேண்டும், தொட்டியில் எளிதாக முளைக்க வேண்டும்.

வெப்பநாடுகளில் இதற்குக் கைகொடுப்பது வெட்டுக்காயப் பூண்டு. சில இடங்களில் கிணற்றுப்பாசான் என்றும் சொல்வார்கள். முற்றிய பூத்தலை ஒன்றைக் காலையில் வெயில் ஏறுமுன் பார்த்தால், பச்சைச் செதில்கள் மூடிய குவளையாக இருக்கும். வெயில் ஏறிக் காற்று காய்ந்ததும் செதில்கள் பின்னோக்கி மடங்க, மயிர்கள் விரிந்து, அரைமணி நேரத்தில் அது ஒரு வெண்பந்தாகிவிடும். அப்போது விரலால் ஒவ்வொரு விதையாகப் பிரித்துக் கருந்தாளில் வையுங்கள். நடுவிலிருந்து வந்தவற்றின் மயிர்கள் நீண்டவை. ஓரத்து நாக்குப்பூக்களிலிருந்து வந்தவற்றின் மயிர்கள் கட்டையானவை. கிரெபிஸில் உள்ள அளவுக்குக் கூர்மையான பிரிவு இது ஆகாது. ஆயினும் கண்ணாடியின் உதவியுடன் எண்ணி விகிதம் காணலாம். குளிர்நாட்டு வாசகர்கள் டான்டேலியன் என்னும் மஞ்சள் பூச்செடியை எடுத்துக்கொள்ள நினைக்கலாம். விதை பறப்பதை அளக்க அது சிறந்ததே. ஆனால் அது பல்லாண்டுச் செடி, அதன் பல வகைகள் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை உண்டாக்குபவை. ஆகவே தலைமுறை மாற்றத்தைத் தேடுவதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்றில் பறக்காத செடிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். மூக்கிரட்டையின் காயில் ஐந்து வரிப்பள்ளங்களும் பிசுபிசுக்கும் சுரப்பிகளும் உண்டு. நடந்து செல்பவரின் செருப்பு வாரில் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். நாயுருவியின் காய்கள் தண்டோடு கீழ்நோக்கி வளைந்து, கூர்முனைகளோடு காத்திருக்கும். உரசிச் செல்லும் துணியிலோ விலங்கின் மயிரிலோ கொத்தாக ஏறும். நெருஞ்சி முள் மாட்டின் குளம்பைப் போலவே சைக்கிள் டயரையும் பற்றும். புளியாரையின் விதையைச் சுற்றியுள்ள மெல்லிய உறை சட்டென்று உள்வெளியாகப் புரண்டு விதையை வீசியெறியும். அவ்விதை ஈரத்தோடு எதிலும் ஒட்டும். கிரந்திநாயகத்தின் காய்ந்த காய் நீர்த்துளி பட்டதும் வெடிக்கும். அதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் தட்டையான விதைகள் நொடிக்கு 1,660 சுற்றுகள் வரை சுழன்று பறப்பதை 2018-இல் அதிவேகக் கேமராவால் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தச் சுழற்சிதான் விதையைக் காற்றில் செங்குத்தாக நிலைநிறுத்தி, எதிர்ப்பைக் குறைத்து, தொலைவைக் கூட்டுகிறது.

பார்த்தீனியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும் செடியை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது நல்லதன்று.

மூன்றாம் படி: இடங்களைக் குறித்தல்

‘நகரம்’ என்று பொதுவாக எழுதிவைத்தால் பிறகு எதையும் விளக்க முடியாது. செடிக்கு நகரம் என்பது தான் நிற்கும் மண் துண்டு, அதைச் சுற்றியுள்ள கல்தளம், அடுத்த மண் துண்டுக்கு உள்ள தொலைவு, கடந்து செல்லும் கால்கள் ஆகியவையே. ஆகவே ஒவ்வொரு மண் துண்டுக்கும் எண் கொடுத்து, அதன் நீள அகலம், அண்மையிலுள்ள அடுத்த துண்டு எத்தனை மீட்டரில் இருக்கிறது, களை பிடுங்கப்படுகிறதா, மிதிபடுகிறதா, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எழுதுங்கள். செடி இல்லாத வெற்றுத் துண்டுகளையும் தவறாமல் எண்ணிக் குறியுங்கள். அதன் பயன் இறுதியில் தெரியும்.

ஒப்பிடுவதற்கு, கல்தளத்தால் துண்டாடப்படாத பரந்த தரை வேண்டும்: தரிசு, மேய்ச்சல் நிலம், பெரிய மைதானத்தின் ஓரம். ஒரு நகரத் தெருவையும் ஒரு வயலையும் மட்டும் ஒப்பிடுவது போதாது. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே வேறு ஆயிரம் வேறுபாடுகள் இருக்கும். நகரத்தில் குறைந்தது நான்கைந்து தெருக்களும், வெளியில் அதே அளவுக்குத் தனித்தனி நிலங்களும் இருந்தால்தான் காண்பது நகரத்தின் தன்மையா, அந்த ஓர் இடத்தின் தன்மையா என்று சொல்ல முடியும்.

நான்காம் படி: விதை எவ்வளவு தொலைவு போகும் என்று கணித்தல்

இந்தப் படியில் சற்று நேரம் செலவிடுங்கள். நகரத்தில் மயிர்க்குடை ஏன் பாதகமாகிறது என்பது இங்கேதான் எண்களாகத் தெரியவரும்.

மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களை அடைத்து, காற்று அசையாத அறையில் 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு விதையை விடுங்கள். கையால் எறியவோ ஊதவோ கூடாது; சிறு இடுக்கியால் பிடித்து மெல்ல விடுவியுங்கள். தரையைத் தொடும் நேரத்தைக் குறித்து, உயரத்தை நேரத்தால் வகுத்தால் விழும் வேகம் கிடைக்கும். ஒவ்வொரு செடியிலிருந்தும் பத்து விதைகளையாவது இப்படிச் சோதியுங்கள். மயிர்க்குடை உடைய விதை வெகு விரைவில் நிலையான வேகத்துக்கு வந்துவிடுமாதலால் இந்தக் கணக்குப் பொருந்தும். குடையற்ற கனமான விதைக்குப் பொருந்தாது; அது விழ விழ வேகம் கூடும். காற்றின் எதிர்ப்பே இல்லையென்றாலும் 2 மீட்டர் விழ 0.64 நொடி ஆகும் என்பதால், அதற்கும் குறைவான நேரம் கிடைத்தால் அளவெடுத்ததில் பிழை என்று வைத்துக்கொள்ளலாம். கைவிரலால் அழுத்தும் கடிகாரம் இங்கே உதவாது. செல்போனில் மெதுவியக்கக் காணொளி எடுத்துச் சட்டகங்களை எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டாக, மயிர்க்குடை விதை 2 மீட்டரை 4 நொடியில் கடந்தால் அதன் வேகம் நொடிக்கு அரை மீட்டர். பூக்காம்பின் உயரம் 25 சென்டிமீட்டர் என்றால் தரையை அடைய அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் நொடிக்கு 2 மீட்டர் வீசும் காற்று அதை 1 மீட்டர் தள்ளிவிடும். ஒரு மீட்டர் சதுரத்தின் நடுவில் நிற்கும் செடிக்கு எல்லை அரை மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே விதை கல்தளத்தில் விழுகிறது. அதே உயரத்திலிருந்து குடையற்ற விதை ஏறத்தாழக் கால் நொடியில் விழுந்துவிடும். கனமானதால் காற்றும் அதை உடனே தன் வேகத்துக்கு இழுத்துவிட முடியாது. அது சதுரத்துக்குள்ளேயே தங்கிவிடும். இனி, அதே மயிர்க்குடை விதை 10 சென்டிமீட்டர் உயரக் காம்பிலிருந்து கிளம்பினால் 40 சென்டிமீட்டர்தான் போகும். காம்பின் உயரம் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதால், விதையை அளக்கும்போதெல்லாம் காம்பையும் அளந்தே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. தரையையொட்டிக் காற்று மெதுவாகவும், கட்டட மூலைகளில் சுழன்றும், வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் மேல் உயர்ந்தும் வீசும். மேலெழும் காற்றில் சிக்கிய ஒரு விதை கூரைகளைத் தாண்டிப் போய்விடலாம். பெரும்பாலான விதைகள் எங்கே விழும் என்பதையே இந்தக் கணக்கு சொல்கிறது. மிகத் தொலைவு செல்லும் சிலவற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

டான்டேலியன் விதையைப் பற்றி 2018-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் கண்டறிந்தது இங்கே குறிப்பிடத்தக்கது. அதன் குடையில் ஏறத்தாழ நூறு மயிர்கள். பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெற்றிடம். அந்த இடைவெளிகளின் வழியே கசியும் காற்று, குடைக்குச் சற்று மேலே அதைத் தொடாமல் மிதக்கும் ஒரு காற்று வளையத்தை உண்டாக்கி, விதையை மெதுவாக இறங்கச் செய்கிறது. ஈரக்காற்றில் மயிர்கள் குவிந்துவிடுவதால் விதை பறப்பதில்லை. ஆகவே மழைநாளில் எடுத்த அளவையும் வெயில்நாளில் எடுத்த அளவையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: காற்றைத் தவிர மற்ற வாகனங்கள்

கல்தளத்தில் விழுந்த விதையின் கதை அங்கேயே முடிந்துவிடுவதில்லை. வழுவழுப்பான தளத்தில் அதைத் தடுக்கப் புல்லோ சருகோ இல்லாததால் காற்று அதை உருட்டிக்கொண்டே போகும். இறுதியில் நடைபாதை விளிம்பிலோ தளக்கற்களின் இடுக்கிலோ சுவரடியிலோ சேர்த்துவிடும். நகரத்துச் செடிகள் கோடு போட்டது போல் சுவரோரமாக முளைப்பதற்கு இதுவே காரணம். ஒரு சதுர அடிக் கல்தளத்தில் எத்தனை விதைகள் உள்ளன, அதையொட்டிய விளிம்பில் ஒரு அடி நீளத்தில் எத்தனை உள்ளன என்று தூரிகையால் பெருக்கியெடுத்து எண்ணிப் பாருங்கள். வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

வண்டிகளின் பங்கும் பெரியது. பெர்லினில் நெடுஞ்சாலைச் சுரங்கங்களுக்குள் விதைப்பொறிகளை வைத்து மோரிட்ஸ் ஃபொன் டெர் லிப்பெ, இங்கோ கோவாரிக் ஆகியோர் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சுரங்கத்துக்குள் பறவை எச்சமோ அண்டைச் செடியோ கிடையாது. அங்கே விழும் விதை வண்டியில்தான் வந்திருக்க வேண்டும். இந்தத் தருக்கத்தின் அழகுக்காகவே அந்த ஆய்வை எல்லோருக்கும் சொல்வேன். 204 செடியினங்களின் விதைகள் அங்கே கிடைத்தன. அவற்றில் பாதி அந்நிலத்துக்கு அயலானவை.

இரயில் பாதைக்குச் சிறந்த சான்று ஆக்ஸ்ஃபோர்ட் ராக்வோர்ட் என்னும் மஞ்சள் பூச்செடி. சிசிலித் தீவின் எட்னா எரிமலையில் வளரும் இரண்டு இனங்களின் கலப்பில் தோன்றிய இது, ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் தோட்டத்தில் வளர்க்கப்பட்டு, 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்நகரத்துச் சுவர்களுக்குத் தாவியது. 1844-இல் அங்கே இரயில் வந்த பிறகு, தண்டவாள ஜல்லி அதற்கு எரிமலைக் கற்பரப்பைப் போலவே வாய்த்தது. ஓடும் வண்டியின் பின்னிழுக்கும் காற்று விதைகளைத் தூக்கிச் சென்றது. பிரிட்டன் முழுவதும் அது பரவியது இவ்வழியேதான். நகரத்தின் எந்தப் பகுதி செடியின் பூர்வீக நிலத்தை ஒத்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை இந்தச் செடியே எனக்குக் கற்றுத் தந்தது.

கால்களின் பங்கை நீங்களே சோதிக்கலாம். பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், நடப்பவரின் காலணியில் ஒட்டிய கடுகுக் குடும்பச் செடியின் விதைகள் சில 5 கிலோமீட்டர் வரை கூடவே சென்றன. ஒரு வாரம் குறிப்பிட்ட பாதையில் நடந்து, நாள்தோறும் காலணியின் அடிப்பகுதி மண்ணைச் சுரண்டித் தனி உறையில் சேமியுங்கள். விதை நீங்கிய மண்ணைத் தட்டில் பரப்பி, சேமித்ததை அதன்மேல் தூவி, வெளிவிதை விழாதபடி மெல்லிய துணியால் மூடி, ஆறு வாரம் நீர் தெளித்து வாருங்கள். தட்டு மண்ணை 80 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் ஆவியில் வைத்தால் அதிலுள்ள பெரும்பாலான விதைகள் இறந்துவிடும். கூடவே, எதுவும் தூவாத ஒப்பீட்டுத் தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். முதன்முறை நான் அதை வைக்கவில்லை. முளைத்த புளியாரை நாற்றுகள் அனைத்தும் காலணியில் வந்தவை என்று பதிவுசெய்துவிட்டேன். பின்னர் அதே மண்ணை வேறொரு தொட்டியில் இட்டபோது அதிலும் புளியாரை முளைத்தது. ஒரு பருவத்தின் பதிவுகள் முழுவதையும் நீக்க வேண்டியதாயிற்று.

புளியாரையை எண்ணும்போது பூந்தொட்டிகளையும் மறக்கக் கூடாது. நர்சரியிலிருந்து வரும் ஒவ்வொரு தொட்டியின் மேல்மண்ணும் ஒரு விதைச் சுமைதான். குட்டையாக வளர்ந்து, விரைவாகக் காய்த்து, காயை வெடித்து அடுத்த தொட்டிக்கு விதையெறியும் செடிகள் இந்த வணிகத்தின் வழியே கண்டங்களைத் தாண்டியிருக்கின்றன.

பறவைகளால் பரவுபவற்றின் பரவல் சங்கிலியில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஆலமர வகை ஒவ்வொன்றுக்கும் அதற்கேயுரிய குளவி மகரந்தம் கொண்டுவந்தால்தான் விதை பிடிக்கும். ஃபுளோரிடாவில் அழகுக்காக நடப்பட்ட கல்லிச்சி மரங்கள், அவற்றின் குளவி அங்கே வந்துசேர்ந்த பிறகே சுவர்களிலும் பாலங்களிலும் தானாக முளைக்கத் தொடங்கின. பறவையும் மரமும் முன்பே இருந்தும் பரவல் நிகழவில்லை.

ஆறாம் படி: விதை சேகரித்தல்

ஒவ்வோர் இடத்திலும் இருபது தாய்ச்செடிகளிலிருந்தாவது, செடிக்கு ஐந்து முற்றிய தலைகள் வீதம் எடுங்கள். ஒவ்வொரு தாயின் விதையும் தனிக் காகித உறையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்துவிட்டால், வேறுபாடு இடத்துக்கு இடம் உள்ளதா, தாய்க்குத் தாய் உள்ளதா என்று பிற்பாடு கண்டறிய முடியாது. பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பந்து விரியுமுன், தலை மூடியிருக்கும் காலை நேரத்தில் எடுங்கள். விரிந்த பின் எடுத்தால் எளிதில் பறப்பவை ஏற்கெனவே போயிருக்கும், மிச்சமிருப்பவை தங்குபவையாகவே இருக்கும், விகிதம் பொய்யாகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இந்தப் பிழைதான் இந்த வேலை முழுவதிலும் மிகவும் ஆபத்தானது என்று கருதுகிறேன். ஏனெனில் அது எப்போதும் நாம் எதிர்பார்க்கும் திசையிலேயே விடையைத் தள்ளும்.

ஏழாம் படி: ஒரே மண்ணில் விதைத்தல்

எல்லா இடத்து விதைகளையும் ஒரே அளவுத் தொட்டிகளில், ஒரே மண்ணில், ஒரே நாளில் விதையுங்கள். நகரத்துத் தொட்டிகளை ஒரு வரிசையாகவும் வெளியிடத்துத் தொட்டிகளை இன்னொரு வரிசையாகவும் அடுக்காமல், சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். உறையின் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து அளவெடுக்கும்படி வேறொருவரிடம் சொல்ல முடிந்தால் மிகவும் நல்லது.

முதல் தலைமுறையில் காணும் வேறுபாட்டை உடனே நம்பிவிட வேண்டாம். வளமற்ற மண்ணில் வாழ்ந்த தாய் மெலிந்த விதையைத் தரும். மெலிந்த விதையிலிருந்து வந்த செடியும் சிறுத்துப் பூக்கும். அது தாய் கொடுத்த சீதனம், மரபு அன்று. ஆகவே முதல் தலைமுறையைத் தொட்டியிலேயே பூக்கவிட்டு, ஓரிடத்துச் செடிகளை அந்த இடத்துச் செடிகளோடு மட்டும் வலைக்குள் வைத்து மென்தூரிகையால் மகரந்தம் சேர்த்து, அதில் கிடைக்கும் விதையை மறுபடியும் விதைத்து இரண்டாம் தலைமுறையில் எண்ணுங்கள். பறக்கும் விதை, தங்கும் விதை ஆகியவற்றின் விகிதம், மயிரின் நீளம், விதையின் எடை, காம்பின் உயரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு செடிக்கும் எழுதுங்கள். இரண்டாம் தலைமுறையிலும் நகரத்துச் செடிகள் ஒருபுறமாகவே நின்றால் மரபு மாற்றத்தைக் கண்டிருக்கிறீர்கள். வேறுபாடு மறைந்துவிட்டால், மண்ணில் நீங்கள் பார்த்தது வளர்நிலை நெகிழ்வு. அதுவும் ஓர் விடையே. அதை மறைக்காமல் எழுதுங்கள்.

எட்டாம் படி: வெற்றுத் துண்டுகளுக்குத் திரும்புதல்

பறக்கும் விதைக்கு இவ்வளவு இழப்பு என்றால், நகரத்துச் செடிகள் பறப்பதை முற்றிலும் விட்டுவிடாதது ஏன் என்று கேட்கத் தோன்றும். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. கோட்பாட்டு உயிரியலாளர்களான வில்லியம் ஹாமில்டனும் ராபர்ட் மேயும் 1977-இல் காட்டியபடி, வாழிடம் நிலையாக இருந்து, பயணத்தில் பெரும்பாலான விதைகள் மடிந்தாலும்கூட, ஒரு பங்கை வெளியே அனுப்பும் தாயே இறுதியில் வெல்லும். எல்லாப் பிள்ளைகளையும் காலடியில் வைத்துக்கொண்டால் அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும், பிற இடங்களைப் பிடிக்கவும் ஆளிருக்காது. இரண்டாவதாக, நகரத்து மண் துண்டு நிலையானதே இல்லை. ஒரு நாள் களை பிடுங்கப்படும், மறுநாள் சிமெண்ட் பூசப்படும், பிறிதொரு நாள் வேறிடத்தில் புதிய குழி திறக்கப்படும். உள்ளே தங்கும் விதைக்குச் சாதகமான இயற்கைத் தேர்வு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் நடக்க, காலியான துண்டுகளைப் பிடிப்பதில் பறக்கும் விதைக்கே வாய்ப்பு. இந்த இரண்டு விசைகளின் இழுபறியே ஒரு தெருவின் விகிதத்தை நிர்ணயிக்கிறது.

மூன்றாம் படியில் எண்ணிட்ட துண்டுகள் அனைத்தையும் ஆண்டுதோறும் அதே பருவத்தில் மறுபடியும் சென்று பாருங்கள். எவற்றில் செடி அழிந்தது, எந்த வெற்றுத் துண்டில் புதிதாக வந்தது, வந்தது அண்மைத் துண்டிலிருந்தா என்று குறித்துவாருங்கள். அண்மையில் குடியேறிய துண்டுகளின் செடிகளும், பல ஆண்டுகளாகச் செடி நிற்கும் துண்டுகளின் செடிகளும் விகிதத்தில் வேறுபடுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். புதிய துண்டில் பறக்கும் விதை மிகுந்தும், பழைய துண்டில் தங்கும் விதை மிகுந்தும் இருந்தால், மேலே சொன்ன இழுபறி அந்தத் தெருவில் நடக்கிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி.

ஒவ்வொரு பருவம் முடிந்ததும், எஞ்சிய விதைகளையும் தட்டு மண்ணையும் குப்பையில் கொட்டாமல் கொதிநீர் ஊற்றி அழியுங்கள். வெளியிடத்து விதை உங்கள் தெருவில் கலந்துவிட்டால் அடுத்த ஆண்டு எடுக்கும் அளவுகள் பயனற்றுப்போகும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முழுச்செடியைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தி, நாளும் துண்டின் எண்ணும் எழுதி வையுங்கள். தாய்வாரியான உறைகளில் சில விதைகளை உலர்வான, குளிர்ச்சியான இடத்தில் தனியே சேமியுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே துண்டில் எடுக்கும் விதையையும் இந்தப் பழைய விதையையும் பக்கம் பக்கமாக விதைக்கும்போது, ஒப்பிடுவதற்கு நகரத்துக்கு வெளியே உள்ள நிலம் தேவைப்படாது. அந்தத் துண்டின் நேற்றைய செடியே அளவுகோலாக இருக்கும்.